தட்டையுலகக் கொள்கையும் தென்வானச் சான்றும்

உலகம் உருண்டை என்பது இன்று கீழ்வகுப்பிலேயே கற்பிக்கப்படும் பாடமாகும். ஆயினும், அப்பாடத்தைக் கற்றுத் தேறிய மாணவன் ஒருவனை நோக்கி, அதற்குச் சான்று யாது என வினவின், நூலிற் கூறப்பட்டுள்ளது, ஆசிரியர் கூறினார், வான்வெளியிலிருந்து எடுத்த படம் உண்டு என்பனவே பெரும்பாலும் விடைகளாக வரும். நூல் தவறு, ஆசிரியர் அறியார், படம் புனைவு என எதிராளி ஒரே மூச்சில் மறுத்துவிடின், மாணவன் வாயடைத்து நிற்பான். தட்டையுலகக் கொள்கை இக்காலத்தில் இணையத்தின் வழியே இளைஞரிடை மீண்டும் பரவுதற்குக் காரணம் அக்கொள்கையின் வலிமையன்று. அதனை எள்ளி நகைப்போர் தங்கொள்கைக்குரிய சான்றைத் தேடிக் கொள்ளாமையே யாகும். நகைப்பு மறுப்பாகாது.

காட்சி, கருதல், உரை என அளவைகள் மூன்றெனச் சைவ நூலோர் கொள்வர். ஒருவர் கொண்ட உரையை மற்றவர் ஒப்பாதவிடத்து, உரையளவை வழக்கைத் தீர்க்க மாட்டாது. எனவே, இவ்வழக்கினைக் காட்சியாலும் கருதலாலுமே ஆராய்தல் வேண்டும். சிவஞான சித்தியார் பரபக்கத்தை முதலிலும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தது போல, எதிராளியின் கொள்கையை முதலில் அவர் கூறுமாறே கூறி, அதன்பின் அதனை ஆராய்தலே முறை.

பரபக்கம்

தற்காலத் தட்டையுலகக் கொள்கைக்கு முதல்வர் இங்கிலாந்து நாட்டினரான சாமுவேல் றோபொதம் என்பவர். 1816 முதல் 1884 வரை வாழ்ந்த இவர், 'பரலக்சு' என்னும் புனைபெயரோடு ஊர்தோறும் சென்று விரிவுரையாற்றினார். 1849இல் சிறு நூலொன்றும் 1865இல் பெருநூலொன்றும் வெளியிட்டார். இவர் மரபினர் 1956இல் இங்கிலாந்திலே தட்டையுலகக் கழகம் ஒன்றினை நிறுவினர்.

இவர்கள் கொள்கை வருமாறு: உலகம் வட்டமான தட்டு, வடதுருவம் அதன் நடு, கண்டங்கள் அந்நடுவைச் சூழ்ந்து பரந்துள்ளன, அந்தாட்டிக்கா என்பது கண்டமன்று, தட்டின் விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிமதிலாகும். ஞாயிறு தட்டுக்கு மேலே அண்மையில் நின்று, வடதுருவத்தை நடுவாகக் கொண்டு வட்டமிடுகின்றது. விலகிச் செல்லுங்கால் இரவும், அணுகுங்கால் பகலும் உண்டாகின்றன. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் சின்னத்திற் காணப்படும் உலகப்படத்தை இவர்கள் தங்கொள்கைக்கு அரணாகக் காட்டுவதுமுண்டு. அப்படம் உருண்டையைத் தாளில் விரிக்கும் முறைகளுள் ஒன்றினால் வரையப்பட்டது என்பதை அவர்கள் கருதுவதில்லை.

வழக்கமான சான்றின் குறை

தட்டையுலகத்தாரை மறுப்போர் முதலிற் கூறுவது, கரையை விட்டு நீங்கும் கப்பலின் அடிப்பாகம் முன்னும் பாய்மரம் பின்னும் மறையும் என்பதாகும். இச்சான்று உண்மையேயாயினும், வழக்குக்கு இடந்தருவது. 1838இல் றோபொதம் இங்கிலாந்தின் பெட்பேட் கால்வாயில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணை வைத்து, ஆறு மைல் தூரம் சென்ற படகொன்றினை நோக்கினார். கணக்கின்படி மறைந்திருக்க வேண்டிய படகு கண்ணுக்குத் தெரிந்தது. இதனாலேயே நீர் தட்டையென அவர் முடிவு செய்தார். நீரை ஒட்டிய காற்றடுக்குகள் ஒளிக்கதிரைக் கீழ்நோக்கி வளைக்கும் என்பதை அவர் கொள்ளவில்லை.

1870இல் இயற்கை நூலறிஞர் அல்பிரட் றசல் வாலசு, 500 பவுண் பந்தயத்தை ஏற்று, அதே கால்வாயிற் சோதனை நிகழ்த்தினார். நீரிலிருந்து ஒத்த உயரத்தில், ஒளிவளைவு மிகுதியாகத் தாக்காத வண்ணம் மேலே உயர்த்தி, இரு முனைகளிலும் நடுவிலும் அவர் குறிகளை அமைத்தார். தொலைநோக்கியில் நடுக்குறி மற்றையவற்றின் மேலே எழுந்து தோன்றியது. நடுவர் வாலசுக்கே வெற்றியளித்தார். ஆயினும் பந்தயம் கட்டிய யோன் அம்டன் அதனை ஏற்றாரல்லர். வழக்கும் வசையும் பல்லாண்டு தொடர்ந்தன. சில மைல் தூரத்தில் வளைவு சிறிது. காற்றின் குறும்பு பெரிது. ஆதலின், இரு கொள்கைகளும் சிறிதளவே வேறுபடும் இடத்தில் அன்றி, பெரிதும் வேறுபடும் இடத்திலே சோதித்தல் அறிவுடைமையாகும். அவ்விடம் யாது?

இரு கொள்கைகளும் பிரியும் இடம்

வடதுருவத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் தூரம் இரு கொள்கைக்கும் ஒன்றே. ஒரு பாகை அகலக்கோட்டுக்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். வேறுபாடு கிழக்கு மேற்குத் தூரத்திலே தோன்றும். உருண்டையில் நெடுங்கோடுகள் வடதுருவத்திலிருந்து விரிந்து, மத்தியகோட்டில் மிக அகன்று, பின்னர் ஒடுங்கித் தென்துருவத்திற் கூடும். தட்டிலோ அவை வண்டிச் சில்லின் ஆரங்கள் போல விளிம்புவரை அகன்றுகொண்டே செல்லும்.

வடக்கு 34ஆம் பாகையில், ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் உருண்டையில் 92 கிலோமீற்றர், தட்டில் 109 கிலோமீற்றர். தெற்கு 34ஆம் பாகையிலோ உருண்டையில் அதே 92; தட்டில் 241. கொழும்பிலிருந்து இலண்டனுக்குள்ள தூரத்தை உருண்டையின்மேற் கணித்தால் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றரும், தட்டின்மேற் கணித்தால் ஏறத்தாழ 9,500 கிலோமீற்றரும் வரும். பத்திலொரு பங்குக்கும் குறைவான இவ்வேறுபாட்டை விமானத்தில் அமர்ந்த பயணி உணரமாட்டான். தட்டையுலகக் கொள்கை வடநாட்டிலே பிறந்து அங்கேயே வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். அக்கொள்கையின் பிழை தெற்கே செல்லச் செல்லப் பெருகும். ஆதலின் அதனைத் தெற்கிலேயே சோதித்தல் வேண்டும்.

துருவனும் அகத்தியனும்

முதற்கண் வானத்தை நோக்குக. துருவ நட்சத்திரம் தட்டின் நடுவுக்கு நேர்மேலே நிற்பதாகக் கொள்வோம். வடக்கு 45ஆம் பாகையில் நிற்பவனுக்கு அது அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் தோன்றும் என்பது யாவரும் ஒப்ப முடிந்த காட்சி. அவ்விடம் துருவத்திலிருந்து 5,000 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதால், உலகம் தட்டையாயின், நட்சத்திரத்தின் உயரமும் 5,000 கிலோமீற்றராதல் வேண்டும். யாழ்ப்பாணம் துருவத்திலிருந்து ஏறத்தாழ 8,900 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. தட்டையுலகக் கணக்கின்படி இங்கே துருவன் ஏறத்தாழ 29 பாகை உயரத்தில், தென்னை உச்சிகளுக்கும் மேலாக நிற்றல் வேண்டும். உண்மையில் அது 10 பாகையளவிலே, அடிவானத்தை அண்டி மங்கித் தோன்றுகின்றது. ஒரு பாகைமானியும் ஈயக்குண்டு கட்டிய நூலும் உடைய மாணவன் எவனும் கீரிமலைக் கடற்கரையில் நின்று இதனை அளந்து காணலாம். மத்தியகோட்டிலே தட்டையுலகக் கணக்கு 26 பாகைக்கு மேற் காட்டும். அங்கோ துருவன் அடிவானத்தைத் தொட்டுவிடுகின்றான். அதற்குத் தெற்கே சென்றால் மறைந்தே விடுகின்றான்.

தூரத்தினாற் பொருள்கள் தாழ்ந்து மறைவது கண்ணின் இயல்பே எனத் தட்டையுலகத்தார் விடை கூறுவர். தூரத்தினால் ஒரு பொருள் அடிவானத்தை அணுகுமேயன்றி அதன் கீழே இறங்காது. மேலும், தூரத்தினால் தாழ்வது உண்மையாயின் விண்மீன் கூட்டங்களும் சுருங்கித் தோன்றுதல் வேண்டும். துருவனருகே உள்ள சத்தரிஷி மண்டலம் காசுமீரத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே அளவினதாகவே காணப்படுகின்றது.

வடக்கே ஒன்று இறங்கத் தெற்கே மற்றொன்று ஏறுகின்றது. உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் எனப் புராணங் கூறும் அகத்திய முனிவரின் பெயரைத் தாங்கிய விண்மீன் இதற்குத் தக்க சான்றாகும். இலண்டன் மாநகரத்தில் அகத்தியன் என்றும் உதிப்பதில்லை. காசுமீரத்துச் சிறீநகரில் அது உச்சங்கொள்ளும்போது 3 பாகையும், காசியில் 12 பாகையும், யாழ்ப்பாணத்தில் 27 பாகைக்குச் சற்று மேலும் உயர்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் பொசிடோனியசு, அகத்தியன் உறோட்சுத் தீவில் அடிவானத்தைத் தொட்டு மறைவதையும் அலெக்சாந்திரியாவில் உயர்ந்து தோன்றுவதையும் கொண்டே உலகின் சுற்றளவைக் கணித்தார். அவர் கொண்ட அளவுகள் செம்மையற்றனவாயினும் முறை செம்மையானது.

தெற்கே ஒரு துருவம்

மத்தியகோட்டுக்குத் தெற்கே வாழ்வோர் வானத்தில் வேறொரு துருவத்தைக் காண்கின்றனர். அவ்விடத்தில் ஒளிமிக்க விண்மீன் இல்லை. ஆயினும், திரிசங்கு எனப்படும் தென்சிலுவையும் பிறவும் அவ்வெற்றிடத்தைச் சுற்றி வலமாகச் சுழல்கின்றன. வடவானத்து விண்மீன்கள் துருவனைச் சுற்றி இடமாகச் சுழல்வது இதற்கு எதிர்மாறானது.

சூன் மாதத்து நீண்ட இரவில், தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் இருள் சூழ்ந்து, அவுஸ்திரேலியாவின் சிட்னியில் வைகறை வெளுக்காதிருக்கும் நேரம் இரண்டு மணியளவு உண்டு. அந்நேரத்தில் இரு நகரத்தாரும் நேர்தெற்கு நோக்கி நின்றால், ஒரே துருவப் புள்ளியை, அதனைச் சூழ்ந்த அதே விண்மீன்களை, ஏறத்தாழ ஒரே உயரத்திற் காண்பர். தட்டையுலகப் படத்தில் இவ்விருவரும் முகம்நோக்கும் திசைகளோ 133 பாகை விலகி, கிட்டத்தட்ட முதுகும் முதுகுமாக நிற்பன. எதிர்த்திசைகளை நோக்கும் இருவர் ஒரே விண்மீனை ஒரே வேளையில் நேர்முன்னே காண்பதெங்ஙனம்? உருண்டையிலோ ஐயத்துக்கு இடமில்லை; இருவர் திசைகளும் தென்துருவத்திற் கூடுகின்றன.

ஞாயிற்றின் திசை

தட்டையுலகக் கொள்கைப்படி டிசெம்பர் மாதத்தில் ஞாயிறு மகரக்கோட்டின் மேலாக வட்டமிடும். சிட்னி நகரம் அவ்வட்டத்துக்கு வெளியே, விளிம்புப் பக்கமாக இருக்கின்றது. ஆகவே ஞாயிறு எவ்விடத்து நின்றாலும் சிட்னிக்கு வடபுறமாகவே நிற்றல் வேண்டும். வீடொன்றின் தென்சுவரில் வெயில் ஒருபோதும் விழுதலாகாது. ஆனால் டிசெம்பர்ப் பிற்பகுதியில் அந்நகரத்தில் ஞாயிறு கிழக்குக்குத் தெற்கே ஏறத்தாழ 29 பாகையில் உதித்து, மேற்குக்குத் தெற்கே அதேயளவிற் படுகின்றது. காலையும் மாலையும் தென்சுவரில் வெயில் விழுவதை அங்கே வாழ்வோர் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

2024 டிசெம்பரில், தட்டையுலகக் கொள்கையினர் சிலரும் அதனை மறுப்போர் சிலரும் ஒன்றாகவே அந்தாட்டிக்காவின் யூனியன் பனியாற்றுப் பாளையத்துக்குச் சென்றனர். அங்கே ஞாயிறு 24 மணி நேரமும் அடிவானத்துக்குக் கீழிறங்காது, தெற்குத் திசையிலும் நின்று, சுற்றிவந்தது. தட்டையுலகக் கொள்கையைப் பரப்பிவந்த ஒருவர், தாம் எதிர்பாராத அக்காட்சி உண்மையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் தோழர் பலர் அதன் பின்னும் உடன்படவில்லை. நேரிற் சென்று கண்டதை மறையாது கூறியது பாராட்டத்தக்கதே.

அளந்து கண்ட தூரங்கள்

இனித் தூரங்களை நோக்குக. இலங்கைத் தீவின் மிக்க அகலம் ஏறத்தாழ 225 கிலோமீற்றர் என நிலவளவையாளர் அளந்துள்ளனர். கொழும்பின் வடக்கேயுள்ள மேற்குக் கரைக்கும் கிழக்கே சங்கமன்கண்டி முனைக்கும் இடையேயுள்ள நெடுங்கோட்டு வேறுபாடு இரண்டு பாகைக்குச் சற்று மிகுதி. உலகம் தட்டையாயின் அத்தூரம் 330 கிலோமீற்றராதல் வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் மிகையை இத்தீவிலே எங்கே ஒளித்து வைப்பது?

தெற்கே செல்லப் பிழை பெருகும் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று. சிட்னிக்கும் பேர்த்துக்கும் இடையே தட்டையுலகக் கணக்கின்படி நேர்தூரம் ஏறத்தாழ 8,300 கிலோமீற்றர். அவ்விரு நகரங்களையும் இணைத்து, மலையேறியும் வளைந்தும் செல்லும் புகையிரதப் பாதையின் முழுநீளமே 4,352 கிலோமீற்றர். நேர்கோட்டிலும் குறுகிய வழி இல்லை என்பது கேத்திரகணிதத்தின் முதற்பாடம். தண்டவாளம் நேர்கோட்டின் பாதியளவே யாயிற்று என்பார், அத்தண்டவாளத்தைக் கட்டை கட்டையாக அளந்து பதித்த தொழிலாளர் கண்ணையும் மறுத்தவராவர். உருண்டையின்மேற் கணித்தால் நேர்தூரம் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். வளைந்து செல்லும் பாதைக்கு 4,352 என்பது பொருந்துவதே.

சிட்னியிலிருந்து சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவுக்கு விமானங்கள் இடையில் இறங்காது, ஏறத்தாழ 12½ மணி நேரத்திற் செல்கின்றன. உருண்டையில் அத்தூரம் 11,300 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் அளவான வேகம் போதும். தட்டிலோ 25,700 கிலோமீற்றர்; அந்நேரத்திற் சென்றடைய மணிக்கு 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட, ஒலியினும் ஏறத்தாழ இருமடங்கான வேகம் வேண்டும். மேலும், தட்டின்மேல் நேர்வழி வடபசிபிக்கையும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாசையும் கடந்து செல்லும். அவ்வழியிற் சென்ற பயணி அமெரிக்கக் கண்டத்து நகரங்களைக் கீழே காணாதிருத்தல் இயலாது. இப்பயணத்திலோ தென்பசிபிக் கடலன்றி வேறொன்றும் காணப்படுவதில்லை.

1957 நவம்பர் முதல் 1958 மார்ச்சுவரை, விவியன் பூக்சு என்பார் தலைமையிற் பொதுநலவாயக் குழுவொன்று உவெடெல் கடலிலிருந்து புறப்பட்டு, தென்துருவத்தினூடாக, எதிர்ப்புறமுள்ள றொசுக் கடலை 99 நாளில் அடைந்தது. உழவுயந்திரம் போன்ற வண்டிகளில் அவர்கள் சென்ற தூரம் 3,473 கிலோமீற்றர். தட்டையுலகப் படத்திலே இவ்விரு கடல்களும் உலகத்தட்டின் எதிரெதிர் விளிம்புகளில், 36,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில் உள்ளன. தெற்கு நோக்கிச் சென்று விளிம்பைத் தாண்ட வேண்டியவர்கள், மறுகரையில் வந்திறங்கினர்.

ஒரு தடையும் விடையும்

தட்டையுலகப் படம் செம்மையாக வரையப்படவில்லை. செம்மையாக வரைந்தால் எல்லாம் பொருந்தும் என எதிராளி இறுதியாகக் கூறலாம். தென்துருவத்தை நடுவாக வைத்து வரைந்தால் தெற்குத் தூரங்கள் திருந்தும். ஆனால் கனடாவும் உருசியாவும் தாங்கவொண்ணாது அகன்றுவிடும். தோடம்பழத்தின் தோலை உரித்து மேசையிலே பரப்ப முயல்வார் யாவரும் அது கிழியும் அல்லது மடியும் எனக் காண்பர். உருண்டையின் மேற்பரப்பை அளவு கெடாமல் தட்டையாக்குதல் இயலாது என்பதைக் கணிதமேதை கௌசு 1827இல் நிறுவினார். எல்லாத் தூரங்களும் ஒருங்கே பொருந்தும் தட்டைப்படம் இதுவரை ஒருவராலும் வரையப்படாமைக்குக் காரணம் முயற்சிக் குறைவன்று. அத்தகைய படம் இருத்தல் இயலாமையே.

சித்தாந்த சோதிடர் கூறுவது

உருண்டையுலகக் கொள்கை மேனாட்டாரிடமிருந்து நேற்று வந்ததென எண்ணுவாரும் உளர். மேருவை நடுவாகவும் கடல்களை வளையங்களாகவும் வைத்துப் புராணங்கள் உலகை வருணிப்பது உண்மையே. ஆயினும், கிரகணத்தையும் திதியையும் கணித்த சித்தாந்த சோதிடர் உலகை உருண்டையாகவே கொண்டனர். மேருவை வடதுருவத்திலும் வடவாமுகத்தைத் தென்துருவத்திலும் வைத்தனர். கி.பி. 499ஆம் ஆண்டில் இருபத்துமூன்று அகவையினராயிருந்த ஆரியபட்டர், எப்புறமும் பூவிதழ் சூழ்ந்த கடம்பமலர் போல, உயிர்கள் எப்புறமும் சூழ்ந்த உருண்டை எனப் புவியை உவமித்தார். அவர்க்குப் பின்வந்த இலல்லர், நிலம் சமமாயின் பனை போன்ற நெடுமரங்கள் தொலைவில் உள்ளபோது ஏன் தோன்றுவதில்லை என வினவினார். 1150இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கரர், நிலம் கண்ணாடி போலத் தட்டையாயின் மேலே சுற்றும் ஞாயிறு எந்நேரமும் எல்லார்க்கும் தோன்ற வேண்டுமே எனத் தடை எழுப்பினார். சுற்றளவின் நூறிலொரு பங்கே கண்ணுக்குப் புலனாவதால் அது தட்டைபோலத் தோன்றுகின்றது என விளக்கமும் தந்தார். இலங்கையிலிருந்து உச்சயினிக்குள்ள தூரம் சுற்றளவின் பதினாறிலொரு பங்கு என்று கூறி, உலகை அளக்கும் வழியையும் அவர் காட்டினார். அவர் கூறிய இலங்கை, சித்தாந்திகள் மத்தியகோட்டில் வைத்துக்கொண்ட ஒரு புள்ளியே. வடக்கு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடைப்பட்ட இத்தீவு அன்று. பதினாறிலொரு பங்கென்பது 22½ பாகை. உச்சயினி இருப்பதோ 23 பாகையளவில். எட்டு நூற்றாண்டுக்கு முற்பட்ட கணக்கு இத்துணை நெருங்கி வருதல் வியப்புக்குரியது.

முடிபு

இவ்வழக்கினாற் பெறப்படுவது உலகின் வடிவம் மட்டுமன்று. இரண்டு கொள்கைகள் மாறுபடும்போது, எக்கொள்கை பழையது, எதனைப் பலர் நம்புகின்றனர், எதனைக் கூறுவோன் உரத்துப் பேசுகின்றான் என்பவற்றை நோக்குதல் வீண். இரண்டும் வெவ்வேறு விடை கூறும் இடம் யாதெனக் கண்டு, அங்கே சென்று அளத்தல் வேண்டும். வடநாட்டிலே மறைந்து நின்ற பிழை, தென்வானத்தின் கீழ் ஒரு நொடியும் நிற்கவில்லை. உருண்டையென்று சொல்லக் கற்ற மாணவன், அதனை அளந்து காட்டவும் கற்றுக்கொள்வானாயின், புவியியலைப் பற்றியன்றி, நாளை அவன் முன் வரும் வேறெக் கூற்றைப் பற்றியும் ஏமாற மாட்டான். கல்வியின் பயன் இதுவேயாம்.